தழும்புதான் சின்னது

கேள்வி: எனக்கு 53 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போன வருடம் மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். 5 வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். அப்புறம் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் ஆபரேஷன் நடந்தது. மலம் சேர்வதற்காக வயிற்றில் தற்காலிகமாக வைத்த பையை கீமோ முடிந்ததும் எடுத்து 7 மாதம் ஆகிறது. 'சின்னத் துளைதான், சீக்கிரம் பழையபடி ஆகிவிடுவீர்கள்' என்றார்கள். ஆனால் பை எடுத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு 9, 10 முறை போகிறேன். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடியும். வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. காற்றா, மலமா என்றே தெரிவதில்லை. வாரத்தில் ஓரிரு முறை உடையில் பட்டுவிடுகிறது. பள்ளிக்கு ஒரு மணி நேரம் பஸ் என்பதால் காலையும் மதியமும் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். இரவில் மட்டும்தான் சாப்பாடு. ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா? நோய் திரும்பிவிட்டதா? ரோபோ வைத்துச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ? இதற்குப் பையே தேவலாம் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில சிரமங்களும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. வரும் தையில் மகளுக்குக் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்து தாரை வார்க்க முடியுமா?

பதில்:

சார், முதலில் ஒன்று. காலையும் மதியமும் பட்டினி கிடப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். 10 முறை போவதைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது.

நீங்கள் எழுதியிருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது: லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக லார்ஸ். மலக்குடலை எடுத்துவிட்டு, பெருங்குடலைக் கீழே இறக்கி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இணைத்தவர்களுக்கு வருவது. ஏறக்குறைய 10 பேரில் 4 பேருக்கு இது உங்களுக்கு இருக்கும் அளவுக்குக் கடுமையாகவே இருக்கிறது. ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் வருகிறது. ஆகவே இதை மட்டும் வைத்து யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இப்படி வரலாம் என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்லாமல் விட்டது தவறு. அதில் எனக்கும் பங்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் பரிசோதனைக்கு வருகிறவரிடம் "மோஷன் போகுதா?" என்று கேட்பேன். "போகுது டாக்டர்" என்பார். கேஸ் ஷீட்டில் 'நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். ஒருநாள் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "போகுதுதான் சார், ராத்திரி முழுக்கப் போகுது" என்றார். அதற்கப்புறம்தான் எத்தனை முறை, எவ்வளவு அவசரம் என்று கேட்கக் கற்றுக்கொண்டேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் ஊர்க்காரருக்குக் கண்மாயை வைத்தே சொல்லலாம். மலக்குடல் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் அது ஒரு கண்மாய். மேலே இருந்து வருவதை வாங்கி, விரிந்து கொடுத்துத் தேக்கி வைக்கும். கீழே ஆசனவாய்த் தசைதான் மடை. கண்மாய் நிறைந்தால் மூளைக்குச் சேதி போகும்; நேரமும் இடமும் பார்த்து நாம் மடையைத் திறப்போம். புற்றுநோய்க்காக அந்தக் கண்மாயை எடுத்தாயிற்று. இப்போது வாய்க்கால் நேராக மடையில் வந்து முட்டுகிறது. கீழே இறக்கிய பெருங்குடலுக்கு விரிந்து கொடுத்துப் பழக்கமில்லை. கொஞ்சம் வந்தாலே உடனே வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளும்போதும் ஒரே மூச்சில் காலியாகாது, தவணை தவணையாகத்தான் போகும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நீங்கள் எழுந்து ஓடுவது அதனால்தான். காற்றா, மலமா என்று பிரித்துச் சொல்லும் நுட்பமான உணர்வும் அந்தப் பகுதியைச் சேர்ந்தது, அதுவும் குறைந்துபோயிருக்கிறது. கரண்ட் வைத்ததில் மடைத் தசையும் அதன் நரம்புகளும் கொஞ்சம் விறைத்திருக்கும். இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தொந்தரவு. கரண்ட் வைத்திருந்தால் இன்னும் கூடும். இணைப்பில் கசிவு ஏற்பட்டவர்களுக்கும், பையை ரொம்ப நாள் வைத்திருந்தவர்களுக்கும் அதிகம்.

இதில் எதற்கும் வயிற்றில் போட்ட துளையோடு சம்பந்தம் இல்லை. லேப்ராஸ்கோப்பியால் கிடைப்பது வயிற்றுச் சுவருக்கு நல்லது: வலி குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உள்ளே வெட்டி எடுப்பது ஒன்றுதான். மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு முழுசாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன் 1982-இல் எழுதி வெளியிட்டார். வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை போட்டுச் செய்தாலும் இன்று எல்லோரும் போவது அதே வழியில்தான். 8 நாடுகளில் 1,044 பேரை வைத்து நடந்த 'கலர் 2' என்ற பெரிய ஆய்வில் திறந்த ஆபரேஷனையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். 3 வருடம் கழித்து, இடுப்புக்குள் நோய் திரும்பியது இரண்டு பக்கமும் 5 சதவீதம்தான். ஆபரேஷனுக்குப் பிந்தைய வாழ்க்கைத்தரத்திலும் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ரோபோவுக்கும் இதே கதைதான். 10 நாடுகளில் 471 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான 'ரோலார்' ஆய்வில், சிறுநீர், தாம்பத்தியம் தொடர்பான பாதிப்பில் ரோபோ லேப்ராஸ்கோப்பியை முந்திவிடவில்லை. ரோபோ சர்ஜனின் கைக்கு வசதி. குறுகிய இடுப்புக்குள் வேலை செய்ய நல்ல கருவி. ஆனால் எடுத்த கண்மாயை அது திருப்பிக் கொடுக்காது. அதற்குப் பணம் கட்டாமல் விட்டோமே என்று நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை.

'துளைதான், சீக்கிரம் சரியாகிவிடும்' என்று உங்களிடம் சொன்னவர் தழும்பை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். நீங்கள் வயிற்றையே சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

லார்ஸை அளக்க டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். ஐந்தே கேள்விகள்: காற்றை அடக்க முடிகிறதா, நீர்த்த மலம் கசிகிறதா, எத்தனை முறை போகிறீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டி வருகிறதா, ஓட வைக்கும் அவசரம் உண்டா. மொத்தம் 42 மதிப்பெண். 20 வரை பிரச்சினை இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. உங்கள் கடிதத்தை வைத்து நானே திருத்திப் பார்த்தேன்: காற்றுக்கு 7, கசிவுக்கு 3, எண்ணிக்கைக்கு 4, திரும்பத் திரும்பப் போவதற்கு 11, அவசரத்துக்கு 16. மொத்தம் 41. மதிப்பெண் கூடினால் வருத்தப்பட வேண்டிய பரீட்சை இது ஒன்றுதான் சார். அந்த எண்களைக் கவனியுங்கள். 10 முறை போவதற்கு வெறும் 4 மதிப்பெண், அவசரத்துக்கு 16. நோயாளிகளின் வாழ்க்கையை எது எவ்வளவு கெடுக்கிறது என்று கேட்டறிந்துதான் இப்படிப் பிரித்தார்கள். ஐந்து முறை போனாலும் கால் மணி நேரம் தாங்கினால் மனிதர் பஸ்ஸில் ஏறிவிடுவார். ஆகவே 10 முறையை 2 முறையாக்குவதை இலக்காக வைக்காதீர்கள். முதலில் அவசரத்தைக் குறைப்போம், நேரத்தை நம் கைக்குள் கொண்டுவருவோம்.

நோய் திரும்பிவிட்டதா என்ற பயத்துக்கு வருகிறேன். பை எடுத்த நாளிலிருந்தே இப்படித்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் லார்ஸ் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். இருந்தாலும் கடிதத்தைப் படித்துவிட்டு உறுதி சொல்ல என்னால் முடியாது. உங்கள் சர்ஜனிடம் போய் இணைப்பை விரலாலும் ஸ்கோப்பாலும் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு சுருங்கியிருந்தாலோ, பக்கத்தில் பழைய கசிவு ஏதும் மிச்சமிருந்தாலோ இதே தொந்தரவு வரும். அதற்கு வைத்தியம் வேறு. 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை, ஒரு வருடத்தில் கொலனோஸ்கோப்பி, சொல்லியிருக்கும் சிடி ஸ்கேன் எதையும் தள்ளிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், புதிதாக இடுப்பு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல் இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது அந்தப் பட்டினி விஷயம். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது எல்லோருக்கும் உள்ள இயல்பு. குழந்தைகள் சாப்பிட்டு எழுந்ததும் ஓடுவது அதனால்தான். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து இரவு வயிறு முட்டச் சாப்பிட்டால் அந்த அசைவு மொத்தமும் ராத்திரியில் வரும், தூக்கம் கெடும். பகலில் குடல் சும்மா இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். சளியும் பித்த நீரும் காற்றும் வந்துகொண்டுதான் இருக்கும். கீமோ முடித்த உடம்பு அதற்குள் இளைத்தும் போகும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள், அளவாக. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடியுங்கள்.

காபியை விடச் சொல்ல மாட்டேன். அதை வேலைக்கு வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் சூடான காபி குடலைக் கிளப்புவதில் கெட்டிக்காரன். பஸ் ஏழரைக்கு என்றால் ஐந்து மணிக்கு எழுந்து காபி குடியுங்கள். வருகிற தவணை எல்லாம் வீட்டிலேயே முடியட்டும். ஆறரைக்கு இரண்டு இட்லி சாப்பிடுங்கள். முதல் சில நாள் கணக்குத் தப்பும். இரண்டு வாரத்தில் உங்கள் குடலின் டைம்டேபிள் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அப்புறம் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். சாதம், இட்லி, வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி, உருளைக்கிழங்கு போன்றவை பெரும்பாலானவர்களுக்கு மலத்தை இறுக்கிக் கொடுக்கும். மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் காற்றைக் கூட்டும். அதிகக் காரம் இளக்கும், போகும்போது எரியவும் வைக்கும். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதே ஆளுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். சந்தேகப்படுகிற பொருளை மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திவிட்டு ரசம் சாதத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வேறு வியாதி வராமல் இருந்தால் ஆச்சரியம்.

மருந்தில் இரண்டு முக்கியம். ஒன்று இசப்கோல். மலச்சிக்கலுக்குத்தானே அது என்பீர்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டால் நீர்த்துப் போவதைச் சேர்த்துப் பிடித்து உருண்டையாக்கும். அரை ஸ்பூனில் ஆரம்பித்து ஏற்ற வேண்டும். காற்று கூடினால் குறைத்துவிடலாம். இணைப்பு சுருங்கவில்லை என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். இன்னொன்று லோபெரமைடு. குடலின் ஓட்டத்தைக் குறைக்கும், மடைத் தசையையும் கொஞ்சம் இறுக்கும். பேதிக்குப் போடுவதுபோல எல்லாம் நடந்து முடிந்த பிறகு போடுவதில் பயன் குறைவு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும், கூடிப்போனால் இதயத்துக்கு ஆபத்து. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடாமல் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் போடுங்கள். இவை கேட்கவில்லை என்றால் பித்த நீரைக் கட்டுப்படுத்தும் கொலஸ்டிரமின் பொடி போன்றவையும் இருக்கின்றன.

கூடவே மடைக்கு உடற்பயிற்சி. காற்று பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயை மேல்நோக்கி இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் வயிறும் இறுகக் கூடாது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது செய்தால் ஒரு பையனுக்கும் தெரியாது. ஆனால் பாதிப் பேர் தவறான தசையைத்தான் இறுக்குகிறார்கள். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால், உங்கள் அளவுக்கு மதிப்பெண் வாங்கியவர்களுக்கு எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவும் முறை. டாய்லெட்டில் உட்கார்ந்து, கூம்பு மாதிரியான முனை வழியாக வெதுவெதுப்பான தண்ணீரை அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை மெதுவாக உள்ளே விட்டு, கீழ்ப்பகுதியை ஒரே தடவையில் காலி செய்வது. முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒழுங்காகப் பழகியவர்கள் ஒரு நாள், சிலர் இரண்டு நாள்கூடக் கவலையில்லாமல் இருக்கிறார்கள். இணைப்பு நன்றாக ஆறியிருக்கிறதா என்று சர்ஜன் பார்த்து, நர்ஸ் கூட இருந்து சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டில் செய்ய வேண்டும். எனிமா டப்பாவை வாங்கி நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம். அபூர்வமாகக் குடல் கிழிந்துவிடும். அதற்கும் மேலே போனால் முதுகின் அடியில் நரம்பைத் தூண்டும் கருவி வைக்கலாம், செலவு லட்சங்களில். அந்தப் பேச்சை இப்போது எடுக்கவே தேவையில்லை.

பையே தேவலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் புலம்பலாக எடுத்துக்கொள்ளவில்லை. நிரந்தரப் பையோடு இருப்பவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் குறைவு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. சொன்னதெல்லாம் செய்து பார்த்து, இரண்டு வருடம் ஆகியும் முடியவில்லை என்று பையைக் கேட்டு வாங்கி, நிம்மதியாக ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு 7 மாதம்தான் ஆகிறது. முதல் ஒரு வருடத்தில்தான் நல்ல முன்னேற்றம் வரும், ஒன்றரை இரண்டு வருடம்வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும். அதன் பிறகு பெரிய மாற்றம் இராது. இப்போது முடிவெடுப்பது சீக்கிரம்.

எழுதக் கூச்சப்பட்ட சிரமங்களை என்னால் ஊகிக்க முடிகிறது. மலக்குடலை ஒட்டியே ஓடும் மெல்லிய நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் ஆண் உறுப்பின் விறைப்பையும் பார்த்துக்கொள்கின்றன. ஆபரேஷனிலும் கரண்ட்டிலும் அவை அடிபடுவது உண்டு. விறைப்புக் குறைவது, விந்து வெளிவராமல் போவது, சிறுநீர் தயங்கித் தயங்கி வருவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பெண்களுக்கு வறட்சியும் வலியும். விறைப்புக்கு மாத்திரைகள் இருக்கின்றன, யூராலஜி மருத்துவரிடம் அனுப்புவார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள், இரண்டும் சேரக் கூடாது. டாக்டர் தானாகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி நீட்டுங்கள், போதும்.

சின்ன விஷயங்கள் சில. பேப்பரால் தேய்க்காமல், சோப்பும் போடாமல், தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெலிதாகப் பூசுங்கள், புண்ணாகாது. பள்ளிப் பையில் ஒரு உள்ளாடை, பேன்ட், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும். அவை இருக்கின்றன என்ற தைரியத்திலேயே அவசரம் பாதி அடங்கும். தலைமையாசிரியரிடம் நோய் விவரம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. 'குடல் ஆபரேஷன் ஆனது, டாய்லெட்டுக்குப் பக்கத்து வகுப்பு வேண்டும், முதல் பீரியட் வேண்டாம்' என்றால் போதும்.

கல்யாணத்துக்கு வருவோம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் நோட்டு, சாப்பாடு, மருந்து, பயிற்சி. அப்போதும் அடங்கவில்லை என்றால் மூன்றாவது மாதம் தண்ணீர் முறையைக் கற்றுக்கொள்ள ஆரம்பியுங்கள். பழக்கம் படிய ஒரு மாதமாவது ஆகும். மார்கழியில் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரைக்குள் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். நாலரைக்குள் குடல் காலியாகிவிட வேண்டும். லோபெரமைடு உண்டென்றால் ஒத்திகையில் போட்ட அதே அளவு, அதே நேரம். அன்றைக்குப் புதிதாக எதையும் முயற்சி செய்யக் கூடாது. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு விருந்தில் பாயசமும் வாழைப்பூ வடையும் உங்களுக்கு இல்லை, இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள். வேட்டிக்குள் உயரம் குறைந்த உள்ளாடையும் பேடும் இருந்தால் வெளியே தெரியாது. மண்டபம் பேசும்போதே மணவறைக்குப் பக்கத்தில் டாய்லெட் உள்ள அறையை உங்கள் பெயரில் எடுத்து, சாவியை மச்சினனிடம் கொடுத்துவையுங்கள். ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தாரை வார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எழுந்து போக வேண்டி வந்தால் அவருக்கு மந்திரத்தை ஐந்து நிமிஷம் நீட்டத் தெரியும்.